யானை நிலவரமும் செவலை நாம்பனும்: படுவான்கரையில் ஒரு வானொலி

முதலில் பஸ்ஸைத் திட்டிவிட்டு ஆரம்பிக்கிறேன், இல்லாவிட்டால் கை எழுதாது. கண்டியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் தனியார் பஸ். காலை ஆறுக்கு எடுப்பதாகச் சொன்னார்கள், எடுத்தது ஆறே முக்காலுக்கு. எனக்குக் கிடைத்தது பின் சக்கரத்துக்கு மேலே முட்டி வாயில் இடிக்கும் சீட். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். ஹுன்னஸ்கிரிய தாண்டி பதினெட்டு வளைவில் பஸ் இறங்கும்போது வயிறு ஒரு பக்கம் போகிறது, பாட்டு இன்னொரு பக்கம் போகிறது. விரல் விட்டு எண்ணினேன், மகாஓயா வருவதற்குள் ஒரே சினிமாப் பாட்டு நான்கு தடவை. நடுவில் பிறந்தநாள் வாழ்த்து, எதற்கென்றே தெரியாமல் சிரிக்கும் இரண்டு அறிவிப்பாளர்கள், போன் விளம்பரம், மறுபடி அதே பாட்டு. எழுந்து போய் நடத்துனரிடம் வேறு சேனல் வைக்கச் சொன்னேன். நல்ல மனுஷன், உடனே மாற்றினார். அங்கேயும் அதே பாட்டு, இரண்டாவது சரணத்தில்.

இப்படிப்பட்ட பயணத்தில் நான் போய்க்கொண்டிருந்தது ஒரு வானொலியைப் பார்க்கத்தான் என்பதுதான் வேடிக்கை. மட்டக்களப்பில் இருக்கும் நண்பன் ஒரு இணைப்பு அனுப்பியிருந்தான்: வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை என்று சொல்லும் மேற்குக் கரையில், ஒரு கிராமத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் இணைய வானொலி. முதல் தடவை கேட்டபோது ஒரு கிழவர் மாட்டுக் குறியை விவரித்துக்கொண்டிருந்தார், அடுத்த தடவை மத்தளம், அதற்கடுத்த தடவை யாரோ ஏழாம் வாய்ப்பாடு சொன்னார்கள். சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் எல்லாம் ஒழுங்காக எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன், பார்ப்போம்.

மஹியங்கனையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். சமூக வானொலி என்று நம் நாட்டில் பேச்செடுத்தால் இந்தப் பக்கத்தைத்தான் சொல்லவேண்டும். 1981இல் மகாவலி ஆற்றுப் பாசனக் குடியேற்றங்களுக்காக ஒரு வானொலித் திட்டம் தொடங்கினார்கள். வானொலிக்காரர்கள் குடியேறியவர்களின் ஊரிலேயே நாள் கணக்கில் தங்கி, அவர்கள் பேச்சையும் பாட்டையும் சண்டையையும் பதிந்துவந்து ஒலிபரப்பினார்கள். பிறகு இங்கிருந்து வடக்கே கிராந்துருகோட்டையில் ஒரு சின்ன நிலையம், 1989இல் எங்கள் ஊர்ப் பக்கம் கொத்மலையில் இன்னொன்று. நான் புசல்லாவையில் வளர்ந்தவன், கொத்மலையைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் சிங்களம்தான், இருந்தாலும் மலைக்கு அந்தப் பக்கத்துக் குரல் என்று தெரியும். 1990களின் கடைசியில் அங்கே இணையம் வந்தது. நேயர்கள் கடிதத்தில் கேட்கும் சந்தேகத்தை அறிவிப்பாளர் இணையத்தில் தேடிப் பார்த்து வானொலியிலேயே பதில் சொல்வார். வீட்டில் கணினி என்றால் என்னவென்று தெரியாத காலம் அது. ஆனால் இவை எல்லாம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழே இருந்தவை, அரசாங்கத்தின் பிள்ளைகள். கயிறு கொழும்பில் இருந்தது.

மட்டக்களப்பில் இறங்கினால் ஆட்டோ. கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்று நாலு கிலோமீட்டர்தான் இருக்கும், தொள்ளாயிரம் ரூபா என்றார். மீட்டர் எங்கே அண்ணே என்றதற்கு அதை ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். மீட்டர் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், துவாய்க்குக் கீழே, சிவப்பு எண் தெரிய உட்கார்ந்திருந்தது. பேசிப் பேசி அறுநூறுக்குக் கொண்டுவந்தேன், அது கூட அநியாயம்தான். என் மொத்த பட்ஜெட் பன்னிரண்டாயிரம், முதல் நாளே மூவாயிரத்து ஐந்நூறை விடுதி விழுங்கியது. விடுதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நுளம்புவலையில் ஓட்டை இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் குருக்கள்மடம் போய், அங்கிருந்து பாதை ஏறி அம்பிளாந்துறை. வெளியூர்க்காரர்களுக்கு: பாதை என்றால் இங்கே ரோடு இல்லை, மோட்டார் சைக்கிள், சைக்கிள், ஆள், தயிர்ச்சட்டி எல்லாம் ஒன்றாக ஏறி வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. மண்முனைத்துறையில் 2014இல் பாலம் வந்துவிட்டது, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்கள் அதில் போய்விடுகிறார்கள். நான் வேண்டுமென்றே பாதையில் போனேன். இந்தப் பயணத்தில் காசுக்கு மேல் கிடைத்த ஒரே போக்குவரத்து அதுதான்.

வானொலி நிலையம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டின் பக்கத்து அறை, சுவர் முழுக்க முட்டை அட்டை, பழைய மிக்சர் ஒன்று, மைக் இரண்டு, அதில் ஒன்று தலையைத் தூக்கி நிற்காது என்பதால் பெனியன் துணியால் கட்டியிருந்தார்கள். கலையகத்தின் கதவைச் சாத்தினால் மின்விசிறி சத்தம் கேட்கும், நிறுத்தினால் ஆள் வெந்துவிடுவான். அதனால் பேசும்போது நிறுத்துவார்கள், பாட்டுப் போனால் போடுவார்கள். வீட்டுக்கு இருநூறு ரூபா மாதச் சந்தா. எப்.எம். அலைவரிசை இல்லை. நம் நாட்டில் சமூக வானொலிக்கென்று தனியாக ஒரு உரிமப் பிரிவு வைக்கவில்லை, வியாபார வானொலிக்குப் போடும் காசை இந்த அறை போடமுடியாது. அதனால் இணையம். நாட்டார் கடையில் போனை ஸ்பீக்கரில் செருகி வைத்திருக்கிறார்கள், சந்திக்கே கேட்கிறது.

நடத்தும் அக்காவிடம் நேபாளத்தில் 1997இலேயே ரேடியோ சாகர்மாதா சுதந்திரமாக வந்துவிட்டது, அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கியது, பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை இருக்கிறது என்றெல்லாம் நான் படித்ததைக் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தியாவில செய்தி சொல்ல விடுறாங்களா தம்பி?" என்றார். ஆகாசவாணி செய்தியைத்தான் அப்படியே எடுத்துப் போடலாம், சொந்தச் செய்தி முடியாது என்றேன். "அப்ப எங்கட யானைய அவங்க எங்க சொல்லுற?"

யானை நிலவரம். மாலை ஆறரைக்கு வரும் நிகழ்ச்சி. நான் கேட்டதிலேயே மிகச் சிறந்த வானொலி நிகழ்ச்சி இதுதான், மிகைப்படுத்தவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை நடத்துகிறாள். வட்டையில் நிற்கிறவர்கள், அதாவது வயல்வெளியில், வாட்ஸ்அப்பில் குரலை அனுப்புகிறார்கள், அவள் அதை அப்படியே போடுகிறாள். ஒருவர் மூச்சிரைக்க, "மூணு நிக்குது, ஒண்டு குட்டி, வேலிய முறிச்சிட்டு கிழக்கால கிறுகிற்று, மறுகா சொல்லுறன்" என்கிறார். அவள் பதறவில்லை. பஸ் நிலையத்தில் நேரம் சொல்கிற மாதிரி, எந்த வாய்க்கால், எந்தப் பாலம், டியூஷன் விட்ட பிள்ளைகளை அங்கேயே நிறுத்துங்கள் என்று இரண்டு தடவை சொல்கிறாள். அந்த "மறுகா", அதாவது பிறகு, வரும்வரை பாட்டே இல்லை. பதினொரு நிமிடம் வெறும் மின்விசிறி இல்லாத அமைதியும், இடையிடையே "இன்னும் தகவல் வரல்ல" என்ற அவள் குரலும். எந்தப் பெரிய வானொலிக்கு இந்தத் துணிச்சல் வரும்? கடைசியில் யானை காட்டுப் பக்கம் போய்விட்டதாகக் குரல் வந்தது, நாட்டார் கடையில் யாரோ கைதட்டியது இங்கே வரைக்கும் கேட்டது.

நிரல் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஆனால் அதை யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை. காலையில் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் வந்து குளத்து நீர் எந்த வாய்க்காலுக்கு எப்போது என்று சொல்கிறார், அதற்கு உடனே போனில் சண்டை. பத்து மணிக்கு அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். எழுபது தாண்டியவர், மத்தளத்தில் இரண்டு தட்டுத் தட்டியதும் மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்து அணையவே இல்லை, ஆகவே தொழில்நுட்பத் தம்பி அவரையும் மத்தளத்தையும் விறாந்தைக்குக் கடத்தினான், மைக் மட்டும் அறைக்குள்ளே, கதவு பாதி திறந்து. கூத்தில் இரண்டு வகை, வடமோடி பெரும்பாலும் பாரதம் இராமாயணம் என்று போரில் போய் நிற்கும், தென்மோடி அப்படியில்லை என்று அவர் விளக்க ஆரம்பிக்க, அடுத்த ஊர் அண்ணாவியார் ஒருவர் போனில் வந்து மறுக்க, இரண்டு பேரும் மாறி மாறித் தாளக்கட்டுச் சொல்லியே வழக்காடினார்கள். அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றேகால் மணி நேரம் போனது. "அண்ணாவியார ஆரு எழுப்புற?" என்று அக்கா என்னைத்தான் கேட்டார்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் யாப்பிலக்கணம் எடுத்தார். அறுசீர் விருத்தத்தில் நான் முட்டை அட்டையில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டேன், அட்டையின் வட்டம் கன்னத்தில் பதிந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் நோர்வேயிலிருந்து அவரைத் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார். என் கையில் இருந்தால் ஒரு வாரத்தில் தூக்கியிருப்பேன். "வாத்தியார்தான் றவுட்டர் பில் கட்டுற" என்று அக்கா காதோடு சொன்னார். அடுத்த வாரம் எண்சீர் விருத்தமாம், அதற்கும் அந்த மூன்று பேர் இருப்பார்கள்.

மதியம் சோறு போட்டார்கள். வாவி இறால் குழம்பு, ஓட்டோடு, தேங்காய்ப்பாலில், புளி தூக்கலாக. கூடவே கீரைச் சுண்டல், முடிவில் எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. மூன்று தடவை சோறு வாங்கினேன். காசு கொடுக்கப் போனதற்கு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், அதோடு பணப்பை உள்ளே போய்விட்டது. முந்தின நாள் நகரத்தில் எழுநூற்றைம்பது ரூபாவுக்கு ரப்பர் மாதிரி ஒரு கொத்து சாப்பிட்டேன் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

பின்னேரம் ஏறாவூரிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் பேத்தியோடு மோட்டார் சைக்கிளில் வந்தார், கவி சொல்ல. நாட்டார் கவி இந்தப் பக்கம் இரண்டு சமூகத்துக்கும் சொந்தம். அவர் ஒரு கவி சொன்னால் மைக்குக்கு எதிரே உட்கார்ந்த ஊர்க் கிழவி பதில் கவி சொல்கிறார், இவர் வெட்கப்படுகிறார், பேத்தி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். 1990இல் இந்தக் கரைகளில் இரண்டு சமூகத்துக்கும் இடையில் நடந்த கொலைகள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும் வயதுதான். அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. போகும்போது கிழவி அவருக்கு ஒரு சட்டித் தயிர் கொடுத்துவிட்டார்.

வாய்ப்பாடு யார் சொன்னது என்று விசாரித்தேன். நாலாம் வகுப்புப் பையன், தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமை அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் இவனுக்குப் பத்து நிமிடம். அன்று எட்டாம் வாய்ப்பாடு. முடித்த கையோடு குவைத்திலிருந்து குரல் வந்தது, அதையும் ஒலிபரப்பினார்கள்: "எட்டேழு அம்பத்தாறு மனே, அம்பத்தெட்டு இல்ல." சந்தி முழுக்கக் கேட்டிருக்கும். அவன் மேசைக்குக் கீழே போய்விட்டான்.

இரவு இரண்டு பொடியன்களோடு கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள், அதைப் பதிவு செய்து ஒரு நிகழ்ச்சி செய்யவேண்டுமாம். 1960களில் லாங் என்ற பாதிரியாரின் உதவியோடு இதை இலங்கை வானொலியே ஒலிபரப்பியிருக்கிறது. பழைய முறைப்படி துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்டோம். தோணிக்காரர் வாங்கிய இரண்டாயிரத்துக்கு எனக்குக் கேட்டது பாலத்தில் போன லொறியும், ஒரு தவளை மாதிரியான ஏதோ ஒன்றும். அது மீன்தான் என்று தோணிக்காரர் சத்தியம் செய்தார். பொடியன்கள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய மைக்கை இருபது நிமிடம் தண்ணீரில் தொங்கவிட்டு எல்லாவற்றையும் பதிந்தார்கள், லொறி உட்பட, அப்படியே போடப்போவதாகச் சொன்னார்கள்.

செலவுக் கணக்கு: பதினொராயிரத்துச் சொச்சம், அதில் ஆட்டோவுக்கும் தோணிக்கும் போனதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. தங்குமிடம் நான் தங்கியதைப் பரிந்துரைக்க மாட்டேன், மற்றதெல்லாம் மேலே அங்கங்கே கிடக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் ஸ்பீக்கர் பின்னால் இருந்தது, நல்ல காலம். காதில் செருகிக்கொண்டு அந்த வானொலியைப் போட்டேன். முதல் நாளிலிருந்து ஒரு நாம்பனை, அதாவது இளங்காளையை, தேடிக்கொண்டிருந்தார்கள். செவலை, ஒரு கொம்பு முனை முறிந்தது, வலது தொடையில் குறி. அந்தக் குறியை, நான் முதல் தடவை கேட்ட அந்தக் கிழவர் கொப்பித் தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தார், வளைந்த கோடு, நடுவே புள்ளி, கீழே இரண்டு எழுத்து. அதை வாயால் சொல்ல அறிவிப்பாளருக்கு மூன்று நிமிடம் எடுத்தது, தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பாதியில்தான் கண்டுபிடித்தார். கரடியனாறு தாண்டும்போது தகவல் வந்தது: நாம்பன் கிடைத்துவிட்டது, பக்கத்து ஊரில் ஒருவர் கட்டி வைத்திருக்கிறார், இரண்டு நாள் வைக்கோலுக்கு யார் காசு தருவது என்று கேட்கிறார். கிழவர் போனில் வந்து, "அது அவர்ர வயலத்தான் திண்டது, அதுக்கும் சேத்துக் கேக்கச் சொல்லுங்க பாப்பம்" என்று ஆரம்பித்தார். மகாஓயாவுக்கு முன்னால் சிக்னல் போய்விட்டது. பின் ஸ்பீக்கரில் அதே பாட்டு.