ஒரு காத்திருப்பு அறையின் காற்றை அளந்த கதை

அப்பா காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து எடுத்தார், முழுமையாகக் குணமானார். அந்த ஆறு மாதமும் கொழும்பில் ஒரு சிகிச்சை நிலையத்தின் காத்திருப்பு அறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இயந்திரப் பொறியியல் படித்தவளுக்கு அங்கே ஒரு கேள்வி எழுந்தது. இத்தனை பேர் இருமும் இந்த அறையில் காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது? பகுதிநேர முதுகலை ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது அதையே எழுதிக் கொடுத்தேன்.

பாய்மக் கணிப்பு, அதாவது காற்றும் நீரும் எப்படி ஓடும் என்று கணிப்பது, என்றால் கணினியும் சமன்பாடும் போதும் என்று நம்பியிருந்தேன். முதலில் என்னை நிறுத்தியது ஒரு படிவம். ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் ‘மனிதர்கள் தொடர்புபடவில்லை’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டிருந்தேன். நோயாளர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று குறிப்பதும் ஆய்வில் இருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. அது நியாயம்தான். இரண்டாவது முறை எல்லாம் சரி, தமிழ்ச் சம்மதப் படிவத்தைத் தவிர. ‘தகவலறிந்த தன்னார்வப் பங்குபற்றுதலுக்கான சம்மதம்’ என்று ஆங்கிலத்தை அப்படியே தமிழில் இறக்கி வைத்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மாவிடம் அதை வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு வரி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“காற்றைத்தானே அளக்கப் போகிறீர்கள் மகள், அதற்கு என் கையெழுத்து எதற்கு?”

அன்றிரவே புதிதாக எழுதினேன். ‘நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்கு மருத்துவரிடம் போனீர்கள் என்று மட்டும் குறித்துக்கொள்வேன். பெயர் எழுத மாட்டேன். வேண்டாம் என்றால் சொல்லுங்கள். உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது.’ நான்கு வரிகள். அனுமதி கிடைத்தது. அந்த ஆய்வேட்டில் நான் எழுதிய மிகச் சிறந்த தமிழ் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அது 2022. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தது. அறையின் வடிவத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகத்தைக் கணிக்க வேண்டும். நான்கு இலட்சம் கட்டங்களில் வரும் விடை எட்டு இலட்சத்திலும் பதினாறு இலட்சத்திலும் மாறாமல் இருந்தால்தான் அதை நம்பலாம். பதினாறு இலட்சக் கணிப்புக்கு என் மடிக்கணினி இரவு பகலாக ஓட வேண்டியிருந்தது, மின்சாரமோ தொடர்ந்தாற்போல் இரண்டு மணிநேரம் இருந்தால் பெரிது. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் மென்பொருளைப் பயன்படுத்தினேன். இடைக்கால விடைகளை அடிக்கடி சேமித்து, நின்ற இடத்திலிருந்தே தொடரும்படி அதில் அமைக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளும் முன் மூன்று கணிப்புகளை அடியோடு இழந்தேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதல் நாளே அந்த அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணினி சொன்ன விடை: மணிக்குப் பதினைந்து தடவை அறையின் காற்று முழுவதும் மாறும். மகிழ்ச்சியான எண். பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் எழுபது அறைகளை அளந்து 2007இல் வெளியான ஆய்வு என் மேசையில் எப்போதும் இருந்தது. யன்னலும் கதவும் திறந்திருந்தால் மணிக்கு 28 தடவை காற்று மாறியதாகவும், உயர்ந்த கூரையுள்ள பழைய கட்டடங்களே இதில் சிறந்தவை என்றும் அது காட்டியது. நம்முடையதும் பழைய கட்டடம்தான், நான்கு மீற்றர் உயரக் கூரை. பதினைந்து பொருத்தமாகவே தோன்றியது.

மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: “அறைக்குள் போய் அளந்தீர்களா?”

ஜூனில் அளந்தேன். உலர் பனிக்கட்டி, அதாவது உறைந்த காபனீரொட்சைட்டு, ஒரு கிலோ வாங்கி, அறையில் ஆவியாகவிட்டு அந்த வாயுவின் அளவை ஏற்றி, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பதுதான் முறை. எரிபொருள் வரிசைகள் தெருக்களை அடைத்திருந்த நாட்கள் அவை, முச்சக்கரவண்டி கிடைக்கவில்லை. ரிஜிபோம் பெட்டியோடு வெள்ளவத்தையில் ரயில் ஏறி, வாசலருகே காற்றுப்படும் இடத்தில் நின்றேன். மூடிய வாகனத்தில் உலர் பனிக்கட்டியைக் கொண்டுபோவது ஆபத்து.

நோயாளர் எல்லோரும் போன பின், அறையை ஊழியர்கள் வழக்கமாக வைத்திருக்கும் நிலையிலேயே விட்டுவிட்டுத் தொடங்கினேன். மின்விசிறி வாயுவைக் கலக்கியது. கருவி, காற்றின் பத்து இலட்சம் பங்கில் அந்த வாயு 2000 பங்கு என்று காட்டியதும் நேரத்தைக் குறித்தேன். 1000க்கு இறங்கப் பத்து நிமிடம் ஆனது. வெளிக்காற்றின் 420ஐக் கழித்து, மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதன் சரிவே விடை. மணிக்கு ஆறு தடவை.

பதினைந்து எங்கே, ஆறு எங்கே! சமன்பாட்டில் பிழை தேடி நிமிர்ந்தபோதுதான் மேற்குச் சுவரைப் பார்த்தேன். மூன்று யன்னல்களும் மூடியிருந்தன. கொக்கிகளில் துரு ஏறி, ஒன்றை யாரோ சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவற்றின் கீழே இரண்டு வாங்குகள். தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கினால் அந்த வாங்குகளில் சாரல் அடிக்கும், அதனால் மூடிவிடுவோம் என்று தாதி சொன்னார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சோளகம் என்று சொல்லும் காற்று அது. அந்த அறைக்கு அதுதான் உயிர்க்காற்று. வாங்குகளை நகர்த்தி, யன்னல்களைத் திறந்து மீண்டும் அளந்தேன். பதின்மூன்று வந்தது. கணினி பொய் சொல்லவில்லை, நான்தான் அதற்கு வேறோர் அறையைக் கொடுத்திருந்தேன்.

அடுத்த திருப்பம் வங்கியிலிருந்து வந்தது. ஆய்வு முறையியல் வகுப்பில் என்னோடு இருந்த தோழி ஒருத்தி வங்கிக் கரும்பீட வரிசைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். என் நேரக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதியைச் சொன்னாள். மணிக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அதை ஒருவர் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால், அறையில் சராசரியாக எத்தனை பேர் என்பது வரும். எங்கள் அறைக்கு மணிக்குப் பன்னிரண்டு பேர், ஒன்றரை மணிநேரம்: பதினெட்டுப் பேர். 240 கனமீற்றர் அறையில் ஆறு தடவை காற்று மாறினால் ஒருவருக்கு விநாடிக்கு 22 லீற்றர்தான். யன்னல்களைத் திறந்தால் 48. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளிநோயாளர் பிரிவுக்கு வகுத்த அளவு 60. நேரம் குறித்துக் கொடுத்துக் காத்திருப்பை ஒரு மணியாகக் குறைத்தால் அறையில் பன்னிரண்டு பேர், ஒருவருக்கு 72 லீற்றர்.

பல மாதங்கள் காற்றையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மாலை மறக்காது. தொற்று வாய்ப்பைக் கணிக்கும் வெல்ஸ்-ரைலி சமன்பாட்டின் பின்னத்தில் நேரம் மேலே, காற்றோட்டம் கீழே. காத்திருப்பைப் பாதியாக்குவதும் காற்றோட்டத்தை இரட்டிப்பாக்குவதும் அங்கே ஒன்றே. நான் எத்தனையோ முறை எழுதிப் பார்த்த சமன்பாடு அது. வரிசையைப் படித்தவள் சொல்லித்தான் அதன் மேல்பாதி என் கண்ணில் பட்டது.

வாய்மொழித் தேர்வு சுமுகமாக முடிந்தது, திருத்தங்கள் சில. நிலையத்துக்கு இரண்டு பக்க அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்தேன். வாங்குகளைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், கொக்கிகளை மாற்றுங்கள், நேரம் குறித்து அழையுங்கள் என்று கேட்டிருந்தேன். கடைசியாகப் போனபோது வாங்குகள் அறையின் நடுவுக்கு வந்திருந்தன, இரண்டு யன்னல்கள் திறந்திருந்தன. மூன்றாவதில் சணல் கயிறு இன்னும் இருந்தது. நேரம் குறித்துக் கொடுப்பது இன்னும் தொடங்கவில்லை. அதைக் கேட்டு அடுத்த கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன்.