சேவைக் கடிதம் இல்லாமல் என்.வி.கியூ. எடுத்தேன்

என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையின் 3ஆம் மட்டச் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. கோர்ஸ் எதுவும் படிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கொழும்பில் செய்துவந்த வயரிங் வேலையை வைத்தே, அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் ஆர்.பி.எல். முறையில் எடுத்தேன். சந்தோஷம்தான். ஆனால் விண்ணப்பம் கொடுக்கப்போன கவுண்டரில் பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் மனம் ஆறாது. இன்னொருவர் அதே இடத்தில் அலையவும் கூடாது.

பிரச்சினை, வேலை செய்ததற்கு முதலாளி தரும் சேவைக் கடிதத்தில்தான் வந்தது. நான் அதிக காலம் வேலை செய்த கொந்தராத்துக்காரர் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போய்விட்டார். கவுண்டரில் இருந்தவர் என் பைலைத் திறக்கக்கூட இல்லை. “கம்பனி லெட்டர்ஹெட்டில் சீல் வைத்த கடிதம் வேண்டும், மல்லி. இல்லாவிட்டால் போர்ம் எடுக்க மாட்டோம்” என்றார். கம்பனியே இப்போது இல்லையே என்றேன். “அப்போ கோர்ஸ் ஒன்றுக்குப் போங்கள்.” அவ்வளவுதான் பதில். தமிழ் விண்ணப்பப் படிவம் கேட்டேன், முடிந்துவிட்டது என்றார். மறுபடி போனால் பொறுப்பான உத்தியோகத்தர் லீவு. நாட்கூலிக்காரனுக்கு ஒவ்வொரு போக்கும் ஒரு நாள் சம்பளம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரச கரும மொழியான தமிழில் ஒரு படிவம் கேட்பது சலுகை கேட்பதல்ல, அது நம் உரிமை.

வழி பிறந்தது பிரதேச செயலகத்தில். அங்கே மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார், மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் ஆள். வேலை தேடுபவர்களைப் பதிவார், தொழில் வழிகாட்டல் செய்வார், ஆள் தேடும் முதலாளிமாரோடும் தொடர்பு வைத்திருப்பார். நம் ஆட்களில் பலருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. நான் பார்த்த மிஸ் உட்காரவைத்து முழுதாகக் கேட்டார். “தம்பி, நீங்கள் இந்த வேலையைச் செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம்தான் தேவை. அது கம்பனிக் கடிதமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை மறக்க மாட்டேன்.

பழைய முதலாளி சில காலம் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டியிருந்தார். என் சம்பளத்தில் 8 சதவீதம், அவர் பங்கு 12 சதவீதம். அந்தக் கணக்குக் கூற்று அவரிடம் நான் வேலை செய்ததற்குச் சாட்சியாகிவிட்டது. மிச்சக் காலத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம், வயரிங் செய்து கொடுத்த வீட்டுக்காரர்களின் கடிதங்கள், வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் மூடியைக் கழற்றி எடுத்த டி.பி. பெட்டிப் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) படங்கள். எல்லாவற்றையும் மிஸ்ஸே ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தார். இந்த முறை போர்ம் எடுத்துக்கொண்டார்கள்.

மதிப்பீடு சுகமாக முடிந்தது. சப்ளையை ஓஃப் பண்ணியதும் நேரே கை வைக்கிறேனா, டெஸ்டர் பிடித்துப் பார்க்கிறேனா என்பதைத்தான் அசெசர்மார் முதலில் கவனித்தார்கள். ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி அம்பியர் கசிவுக்குள் விழவேண்டும் என்று கேட்டார்கள். 30 என்றேன். ஏன் என்றும் கேட்டார்கள், ஆளைக் காப்பாற்றும் அளவு அதுதான் என்றேன். நம் ஆட்கள் பலர் வேலையைச் செய்துவிடுவார்கள், காரணம் சொல்லத் தடுமாறுவார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, பெயர். தகப்பன் பெயர், முதலெழுத்து எல்லாம் அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தபிறகே படிவத்தில் எழுதுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது ஓர் எழுத்து மாறினாலும் தொல்லைதான்.

இப்போது வேலை செய்யும் இடத்தில் சான்றிதழைப் பார்த்ததும் மனேஜர் சம்பளத்தைக் கூட்டினார். கடிதம் இல்லாமல் இருக்கும் இரண்டு பொடியன்களையும் அனுப்ப முடியுமா என்று அவரே கேட்டார். மிஸ்ஸின் பெயரையும் அவர் இருக்கும் நாட்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.