இலையில்லாமல் பூக்கும் கேர்

ஜெய்சல்மேரிலிருந்து குரி கிராமத்துக்குப் போகும் சாலையில் எல்லோரும் மணல்மேட்டை நோக்கியே பறக்கிறார்கள். மாலை வெயிலில் ஒட்டகச் சவாரி, புகைப்படம், திரும்பி வந்தால் சாப்பாடு. மார்ச் கடைசியில் போகிறவர்கள் பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மணல்மேடு எங்கும் ஓடிப்போகாது. கேர் பூத்திருப்பது சில வாரங்களுக்குத்தான்.

நம் ஊர் ஆதொண்டையின் இனம் இது. ஆள் உயரப் புதர், பச்சைக் குச்சிகளின் சிக்கல், ஜோடி ஜோடியாக வளைந்த முட்கள். இலையைத் தேடினேன், கிடைக்கவில்லை. இளங்குருத்தில் ஊசிபோலச் சில துளிர்க்கும், அவையும் சீக்கிரமே உதிர்ந்துவிடும் என்றார் ஓட்டுநர். ஆனால் குச்சியெங்கும் செங்கல் நிறத்தில் பூக்கள்! நான் நின்ற நேரம் முழுவதும் ஒரு தேன்சிட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத மண். இங்கே அகன்ற இலை வைத்திருப்பது ஊதாரித்தனம். அதன் வழியே நீரெல்லாம் ஆவியாகிவிடும். எனவே இலை செய்யவேண்டிய வேலையைக் கேரின் பச்சைத் தண்டே செய்கிறது. வெயிலில் உணவு தயாரிப்பது அதுதான். தண்டின் மேல் மெழுகுபோன்ற தடித்த தோல். மூச்சுத்துளைகளும் உள்வாங்கி இருப்பதால் அனல்காற்று நேராகத் தாக்குவதில்லை. வேர் ஆழத்துக்கு இறங்கி, மேல்மண் காய்ந்த பிறகும் ஈரத்தைத் தேடிப் பிடிக்கிறது. பக்கவேர்களிலிருந்தும் புதுக்கன்றுகள் கிளம்பும். காற்றில் வரும் மணல் அடியில் சேர்ந்து, சில புதர்கள் சிறு மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. கள்ளிச்செடியைத்தான் பாலைவனத்தின் அடையாளமாக நாம் வரைகிறோம். நீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றே இல்லாமல் சமாளிக்கும் கேர்தான் எனக்குப் பெரிய கெட்டிக்காரனாகத் தெரிகிறது.

பூ உதிர்ந்ததும் பச்சைக் காய், பழுத்தால் சிவப்பு. பச்சைக் காயின் கசப்பைப் போக்க உப்புநீரிலோ மோரிலோ நாட்கணக்கில் ஊறவைத்து, பிறகு வெயிலில் காயவைக்கிறார்கள். சாங்ரியோடு, அதாவது வன்னிக் காயோடு சேர்த்துச் சமைத்தால் கேர்-சாங்ரி. இரவு கம்பு ரொட்டியோடு தின்றேன். புளிப்பும் எண்ணெயும் காரமும் தூக்கல், ஊறுகாய்க்கும் பொரியலுக்கும் நடுவில் ஒரு ருசி. ஜெய்சல்மேர் கடைத்தெருவில் உலர்ந்த கேர் கிடைக்கும். காய் எவ்வளவு சிறிதோ அவ்வளவு விலை, பேரம் பேசித்தான் வாங்கவேண்டும்.