கமலி கையில் ஒரு கார்பன் பேப்பர்: குன்னூர் நாவல், இதுவரை

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் நடு முடிச்சு ஒருவழியாக இறுகிவிட்டது, அதுவும் பேய் பிசாசு எதையும் கூப்பிடாமல்!

1974, குன்னூருக்கு மேலே பழைய எஸ்டேட் பங்களா, அப்பா அம்மா இல்லாத கமலி, கோர்ட் நியமித்த கார்டியனாக சித்தப்பா. பதினெட்டு முடிந்தால் மேஜர், கிளம்பிவிடலாம் என்று அவள் நாள் எண்ணுகிறாள். ஆனால் அந்தக் காலச் சட்டப்படி கோர்ட் கார்டியன் வைத்த மைனருக்கு 18 கிடையாது, 21. 1999-இல்தான் அதைத் திருத்தினார்கள். 21 வரை அவளால் உயில் எழுத முடியாது, கோர்ட் அனுமதி இல்லாமல் சித்தப்பாவால் எஸ்டேட்டை விற்கவும் முடியாது. ஆனால் கல்யாணமாகாமல் அவள் செத்துப்போனால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவிடமிருந்து வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். தாத்தா பாட்டி இல்லை, மிச்சம் இருப்பது அப்பாவின் ஒரே தம்பி, அதாவது இந்தச் சித்தப்பா. அவளைக் கொல்ல இதைவிடப் பயங்கரமான காரணத்தை நானாக யோசித்திருக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கப்போகிற கதையில் யாரையாவது உட்காரவைத்துச் சட்டம் பேசவிட்டால் பயம் அத்தோடு போச்சு. ஒரே ஒரு வரி அவள் கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் கார்பன் பேப்பர். சித்தப்பா வக்கீலுக்கு டைப் அடித்த கடிதம் போய்விட்டது, நகலுக்காக அடியில் வைத்த கார்பன் மட்டும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. நானே பழைய டைப்ரைட்டரில் அடித்துப் பார்த்தேன். ஒரே தடவை அடித்த புதுக் கார்பனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது, மை இல்லாத பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகவே படிக்கலாம். இரண்டு மூன்று கடிதம் அடித்த தாள் என்றால் வரிமேல் வரி ஏறி ஒன்றும் புரியாது. கரண்ட் போன ராத்திரி, லாந்தர்தான் இருக்கிறது. தூரப் பிடித்தால் எழுத்து மங்கல், கிட்டே கொண்டுபோனால் கார்பனில் இருக்கும் மெழுகு சூட்டில் இளகிப் பரவும். “21 வரை” என்ற இடத்தைத் தாண்டுவதற்குள் அடுத்த வரி அவள் கண்முன்னே அழிகிறது. எத்தனை பக்கம் எழுதினாலும் வராத பதற்றம் இந்த ஒரு தாளில் வந்துவிட்டது.

கார்பன் குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கத்து ஸ்டேஷனரி கடையிலேயே கிடைத்தது, டைப்ரைட்டர் ரிப்பனுக்குத்தான் கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருந்தது. ஈர நாளில் தாளை வெளியே வைக்காதீர்கள், நமத்துச் சுருண்டுவிடும்.

கதையை நவம்பரில் வைத்திருக்கிறேன். குன்னூருக்கு ஜூன், ஜூலையைவிட வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மேகம் ஜன்னல் வரை இறங்கி நிற்கும், கரண்ட் போவதற்கும் காரணம் தேட வேண்டாம்.

அடுத்த கதைக்கு ஊட்டி பக்கத்து லவ்டேல் மனதில் ஓடுகிறது. அங்கிருக்கும் லாரன்ஸ் பள்ளி 1858-இல் பிரிட்டிஷ் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியாகத் தொடங்கியது. அதற்குள் நூலகத்தில் குறிப்பெடுக்கவும் ஆரம்பித்துவிட்டேன், இந்தக் கதையே முடியவில்லை!

பாக்கி இருப்பது தப்பிக்கும் அத்தியாயம். ராத்திரி மலை ரயில் ஓடாது, அதனால் கமலி அதன் பல்சக்கரத் தண்டவாளம் வழியே கீழே ரன்னிமேட் ஸ்டேஷன் பக்கம் இறங்குகிறாள். சுரங்கத்துக்குள் லாந்தரை ஏற்றினால் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும், ஏற்றாவிட்டால் கால் வைக்க இடம் தெரியாது. இப்போதைக்கு ஏற்றாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.