உப்பள நாவல் முதல் பாகம் முடிஞ்சாச்சு, மத்த ரெண்டும் எங்க நிக்குதுன்னா

உப்பள நாவலோட முதல் பாகம் ஒருவழியா முடிஞ்சிருச்சு, அந்த சந்தோஷத்துலதான் இத டைப் பண்றேன். இதுகூடவே சென்னை காசிமேட்டுல நடக்குற ஒரு க்ரைம் குறுநாவலும், குட்டிப் பசங்களுக்கான கதைகளும் ஓடிட்டிருக்கு. ஒண்ண முடிச்சுட்டு அடுத்தத தொடுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அதுல பாதிதான் சம்மதம். மூணு கையில இருக்கலாம், ஆனா ரெண்டு முதல் டிராஃப்ட் ஒரே வாரத்துல ஓடக்கூடாது. திருத்துற வேலைன்னா பிரச்சனையில்ல, அதுல ஆளுங்க ஏற்கனவே பேசி முடிச்சிருப்பாங்க.

சிக்கலே பேச்சுதான். காசிமேடு எழுதிட்டு தூத்துக்குடி உப்பளத்துக்குத் திரும்புனா, உப்பு வாருற செல்லக்கனி "இன்னாமே, டிகிரி பாத்துக்கினியா"ன்னு கேக்குறா. அவ வாயில வரவேண்டியது "ஏட்டி, டிகிரி பாத்தியா, எம்புட்டு நிக்கி?" அந்த டிகிரி பாக்குற சீன்தான் என்னைப் படுத்தி எடுத்துச்சு. டிகிரின்னா இங்க சூடு இல்ல, உப்புத்தண்ணி எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு காட்டுற அளவு. தண்ணி 25 டிகிரி பக்கம் வந்தாதான் உப்பு இறங்கும், 29, 30-ஐத் தாண்டுனா மெக்னீசியம் சேந்து கசந்துரும், அதுக்குள்ள அந்தத் தண்ணிய வடிச்சு விடணும். அந்த அவசரம் பேச்சுல தெரியணும், ஒரு வார்த்த ஊரு மாறுனாலும் சீனே செத்துரும்.

இப்ப நான் பண்றது இதான். எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவ பேச்ச பாதியில நிறுத்திடுறேன், "அந்தக் கடைசிப் பாத்தியில மட்டும்..."னு. கூடவே கடைசிப் பக்கத்த போன்ல வாய்விட்டுப் படிச்சு ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கிறேன், அடுத்த தடவ உக்காரும்போது மொதல்ல அதக் கேப்பேன், அப்புறம் அந்தப் பாதிய முடிப்பேன், அவ குரல் அப்படியே வந்து நிக்குது! அடுத்து என்ன நடக்கணும்னு கதைச்சுருக்கம் மட்டும் எழுதி வச்சா இது வராது, அதுல கதை ஞாபகம் வரும், ஆள் வரமாட்டா. டைப்பிங் மட்டும் லேப்டாப்ல தமிழ்99-லதான், போன் கீபோர்டு "வாரேன்"னு அடிச்சா "வரேன்"னு மாத்தி உயிர வாங்குது.

சுஜாதா ஒரே சமயத்துல பல பத்திரிகைக்கு தொடர்கதை எழுதலையான்னு கேப்பீங்க. எழுதுனாரு, அதுவும் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல வேலை பாத்துக்கிட்டே. ஆனா வாரப் பத்திரிகைக்கு ஒவ்வொரு வாரமும் அத்தியாயம் போயே ஆகணும், எந்தக் கதையும் ஆறிப்போக நேரமே இருக்காது. நமக்குக் கெடு வைக்க யாரு இருக்கா?

அதனால காசிமேடு இப்போதைக்கு மூடி வச்சாச்சு. பசங்க கதைய ராத்திரியில திருத்திட்டிருக்கேன், படம் போட ஆள் தேடணும். பிரிண்ட் எடுத்துத் திருத்த பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல பேப்பர் வாங்கலாம்னு இருக்கேன், மொத்தமா எடுத்தா அங்கதான் கட்டுப்படியாகும். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சா உப்பு வாருறது நின்னுரும், அதுக்குள்ள ஆறுமுகநேரி பக்கம் ஒரு நடை போகணும், ரெண்டாம் பாகத்துக்கு ராத்திரி வேலைக்குப் போறவங்க பேச்சு வேணும். முதல் பாகத்துல கங்காணி வர்ற இடம் இன்னும் ஒட்டல, அதையும் பாக்கணும்.