தனிக்கடை கூட்டுக்கடை ஆனபோது: ஒரு பிரிண்டிங் பட்டறையின் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்டிங் ஜாப் ஒர்க், அதாவது அவர்கள் தரும் துணியில் அச்சடிக்கும் கூலி வேலை, செய்து தருகிறேன். பல வருடம் தனி உரிமையாளராகத்தான் ஓடியது. பட்டறைக்கென்று தனி பான் எண் கிடையாது, என்னுடையதே அதற்கும். பணம் வந்தால் வரவு, போனால் செலவு என்று ஒரு நீள நோட்டு. வருமான வரிக்கு, பில் போட்ட மொத்தத் தொகையில் வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம் என்ற அனுமான முறை. ஒருவர் மட்டும் நடத்தும் தொழிலுக்கு இது போதும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கல்லாவில் இருப்பது முழுக்க நம்முடையது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

புது மெஷின் போட என் மச்சான் ஆறரை லட்சம் கொண்டுவந்து கூட்டாளியாகச் சேர்வதாக முடிவானதும்தான் நிலைமை மாறியது. 2025 ஏப்ரல் 1 முதல் கூட்டு என்று பேசிக்கொண்டோம். ஆடிட்டரிடம் போனால், கூட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசாமல் வேறொன்று கேட்டார்: “ஏனுங்க, மார்ச் 31 அன்னைக்கு உங்களுக்கு எவ்வளவு வரணும், நீங்க எவ்வளவு தரணும்? அதை முதல்ல எழுதிட்டு வாங்க.”

நோட்டில் அதற்கு விடை இல்லை. பில் புத்தகம், டெலிவரி சலான், கெமிக்கல் கடைச் சிட்டை எல்லாம் எடுத்து வைத்துக் கூட்டினேன். பார்ட்டிகளிடம் நிலுவை, வரி போக, 4,60,000. மை, கெமிக்கல் கடைக்குத் தர வேண்டியது 1,35,000. வங்கியிலும் கையிலும் 62,000. சரக்கு இருப்பு 40,000. பழைய மெஷின்கள் தேய்மானம் போக 5,50,000. கழித்துப் பார்த்தால் என் முதல் (மூலதனம்) 9,77,000. இந்த ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) வைத்துத்தான் 60:40 என்று பங்கு பிரித்தோம்.

பணம் வரும்போது மட்டும் எழுதும் முறையிலேயே தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 4,60,000 ஏப்ரலுக்கு அப்புறம் வந்து புதுக் கூட்டின் வருமானமாக நின்றிருக்கும். மச்சான் சேருவதற்கு முன்பே அச்சடித்த பீஸுக்கு அவருக்கு 1,84,000 போயிருக்கும். நான் வாங்கிய மைக்கு அவர் தலையில் 54,000 விழுந்திருக்கும். இரண்டும் கழிய, 1,30,000 தப்பான பக்கம் சேர்ந்திருக்கும். சொந்தத்துக்குள் மனத்தாங்கல் வர இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். அதனால் வேலை முடிந்து பில் போட்ட அன்றே வருமானம், சரக்கு வாங்கிய அன்றே செலவு என்று எழுதும் முறைக்கு மாறினோம். ஜி.எஸ்.டி. ஏற்கெனவே அப்படித்தான்: கம்பெனிக்காரர் மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தாலும், பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

டேலி என்ற கணக்கு மென்பொருளில் இது சுலபம். எஃப்8 அழுத்தி பில்லைப் போட்டால், பணம் வராவிட்டாலும், பார்ட்டி தர வேண்டியது பற்றில் ஏறும், ஜாப் ஒர்க் வருமானம் வரவில் ஏறும். பணம் வந்த அன்று எஃப்6 அழுத்தி ரசீதைப் பதிய வேண்டும். பில்வாரியாக நிலுவை எடுத்தால் யார் 90 நாள் தாண்டினார்கள் என்று ஒரே பக்கத்தில் தெரிகிறது. எனக்கு இந்த ஒரு பக்கமே மொத்தச் சிரமத்துக்கும் ஈடு.

எல்.எல்.பி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை, போடலாமா என்றும் யோசித்தோம். அதில் தொழில் கடன் பொதுவாகக் கூட்டாளியின் சொந்தச் சொத்தைத் தொடாது. ஆனால் எங்கள் வங்கிக் கடனே வீட்டுப் பத்திரத்தின் மேல்தான் நிற்கிறது, அந்தக் கடனுக்கு எல்.எல்.பி. அரணாகாது. வருடா வருடம் படிவம் 8, படிவம் 11 தாக்கல் வேறு. சாதாரணக் கூட்டாண்மையே போதும் என்று முடிவெடுத்தோம். கடன் பெரும்பாலும் சப்ளையர்களிடம் இருக்கும் தொழில் என்றால் நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்.

கூட்டுப் பத்திரத்தை மாதிரிப் படிவத்தில் பெயர் மாற்றி எழுதிவிடாதீர்கள். பத்திரம் பேசாத இடத்தில் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் பேசும்: லாபம் சமபங்கு, உழைப்புக்குச் சம்பளம் இல்லை. நான் தினமும் பட்டறையில் நிற்கிறேன், மச்சான் வாரக் கடைசியில் வருகிறார். அதனால் என் சம்பளத்தைக் கணக்கிடும் விதம், முதலுக்கு 12 சதவீத வட்டி, காசோலையில் யார் கையெழுத்து, ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு எப்படிக் கணக்கு தீர்ப்பது என்று உட்கார்ந்து பேசி எழுதினோம். கடைசி விஷயத்தைப் பேச வீட்டில் யாருக்கும் மனமில்லை. நான்தான் பிடிவாதமாகப் பேசவைத்தேன். இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் போனால் கூட்டே கலைந்துவிடும்.

மாவட்டப் பதிவாளரிடம் பதிவதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பதியாத கூட்டு, பணம் தராத பார்ட்டி மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. கடனுக்கே வேலை செய்யும் ஊரில் பதியாமல் இருப்பது சரியில்லை.

அப்புறம் எண்கள் மாறும் படலம். தனிநபர் பானில் நான்காவது எழுத்து ‘பி’, கூட்டாண்மைக்கு ‘எஃப்’. ஜி.எஸ்.டி. எண்ணில் தமிழ்நாட்டின் 33க்குப் பிறகு வருவது அந்த பான்தான். எனவே பழைய ஜி.எஸ்.டி. எண்ணைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். பழைய எண்ணில் மிச்சமிருந்த உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டி, நம் வரியில் கழித்துக்கொள்வது) ஐ.டி.சி.-02 படிவத்தில் புது எண்ணுக்கு மாற்றினோம். அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும். மாற்றி முடித்த பிறகே பழைய எண்ணை ரத்துக்குக் கொடுத்தோம். ரத்தானதிலிருந்து மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் உண்டு. உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் வங்கி நடப்புக் கணக்கும் புதிது. கம்பெனிகளின் கணக்குப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை பழைய எண், எதிலிருந்து புது எண் என்று கடிதம் கொடுத்து, முத்திரையுடன் நகல் வாங்கி வைத்தேன்.

கூட்டின் லாபத்துக்கு வரி நேராக 30 சதவீதம், மேல்வரி தனி. சட்டம் சொல்லும் வரம்புக்குள் தரும் கூட்டாளிச் சம்பளமும் வட்டியும் அதற்கு முன் கழிந்துவிடும், அவரவர் கணக்கில் வரி வரும். அனுமான முறையில் போனால் இந்தக் கழிவு கிடையாது, முழுக் கணக்கு எழுத அதுவும் ஒரு காரணம். 2025 ஏப்ரலிலிருந்து, ஒரு கூட்டாளிக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளமும் வட்டியும் போனால் கொடுக்கும்போதே 10 சதவீதம் வரியை (டி.டி.எஸ்.) பிடித்துக் கட்ட வேண்டும். அப்படி வரி பிடிப்பவருக்கான டான் எண் அதற்குத் தேவை, பான் வந்த கையோடு அதையும் வாங்கி வைத்துவிடுங்கள்.