பைத்தானின் வயிற்றுக்குள்

பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிப் பிழைப்பவன் நான். அது உள்ளே என்னதான் செய்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசை அண்மையில்தான் வந்தது. கருவி பைத்தானுடனேயே வருகிறது: 'டிஸ்' என்ற மாட்யூல்.

பதிப்பு 3.11-இல், இரண்டு எண்களைக் கூட்டும் குட்டி ஃபங்ஷன் ஒன்றை அதனிடம் கொடுத்தேன். பைட்கோடு, அதாவது நம் நிரலைப் பைத்தான் மாற்றி வைத்துக்கொள்ளும் குட்டிக் கட்டளைகள், வரிவரியாக விரிந்தது: முதல் எண்ணை அடுக்கின் மேல் வை, இரண்டாவதை வை, மேலிருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டு, விடையைத் திருப்பிக் கொடு. இவ்வளவுதான். சி மொழியில் எழுதப்பட்ட ஒரு பெரிய சுழற்சி இந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றுகிறது.

சுவாரசியம் இனிமேல்தான். அதே ஃபங்ஷனை முழு எண்களோடு பலமுறை ஓட்டிவிட்டு, டிஸ்ஸில் 'அடாப்டிவ்' என்ற விருப்பத்தை இயக்கி மீண்டும் பார்த்தேன். 'பைனரி_ஆப்' என்ற பொதுக் கட்டளை இருந்த இடத்தில், முழு எண் கூட்டலுக்கென்றே உள்ள 'பைனரி_ஆப்_ஆட்_இன்ட்' உட்கார்ந்திருந்தது! ஓடும்போதே தன்னைத் திருத்திக்கொள்கிறது, கள்ளன். 2022-இல் வந்த 3.11 பதிப்பு வேகமெடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். திடீரென்று எழுத்துச் சரங்களை அனுப்பினாலும் விடை தவறாது. வகையைச் சரிபார்த்துவிட்டுப் பொது வழிக்கே திரும்பிவிடும்.

ஒரு நாளின் வினாடிகளை 60 * 60 * 24 என்று நான் எழுதினால், "வீண் பெருக்கல்" என்று முகம் சுளிப்பார் அலுவலகத்தில் ஒருவர். பைத்தானோ அதை முன்கூட்டியே பெருக்கி வைத்துவிடுகிறது: பைட்கோடில் பெருக்கலே இல்லை, 86400 மட்டுமே இருக்கிறது. நாளைக்கு அவரிடம் காட்ட வேண்டும்.